கேபிள் கணக்கில் ஓர் இடைச்செருகல்

மின்வடிவமைப்புப் பணிக்கு எந்த வரைபட மென்பொருளை வாங்குவது, கணக்குக்கு எந்த விரிதாளை வைத்துக்கொள்வது என்னும் கேள்வி, தமிழ் கற்பிக்கும் ஒருத்தியின் முன் வந்து நிற்பது சற்று விந்தைதான். என் தம்பி மின் பொறியாளன். சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் 15 ஆண்டுகள் கட்டடங்களுக்கு மின்வடிவமைப்புச் செய்தவன், 2023இல் அந்த வேலையை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து தனியாகத் தொழில் தொடங்கினான். ஒரு மாடியறை, ஓர் உதவியாளர், இரண்டு கணினிகள். வயரிங் வேலை செய்கிறவர்கள் வரைபடத்தின் ஓரத்திலுள்ள ஆங்கிலக் குறிப்புகளைப் படிப்பதே இல்லை, அவற்றைத் தமிழில் தரவேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் எண்ணம். அந்தக் குறிப்புகளை எழுதித் தருவதற்காகத்தான் நான் அங்கே போனேன். போன பிறகு, ஏறத்தாழ இரண்டு மாதங்கள், மென்பொருள் தேர்வு என்னும் வழக்கில் நானும் ஒரு தரப்பாகிப் போனேன்.

குறிப்புகளைப் பற்றி ஒரு சொல். ‘கேபிள் என்பதை வடம் என்று எழுதட்டுமா அக்கா?’ என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வடம் என்றால் தேரும் நினைவுக்கு வரும், கிணறும் நினைவுக்கு வரும். ஏணியில் நின்றுகொண்டு தாளை அண்ணாந்து பார்ப்பவருக்கு ஒரு கணமும் ஐயம் வரக்கூடாது. கேபிள், எர்த், நியூட்ரல், டி.பி. பாக்ஸ் ஆகியவை அப்படியே இருக்கட்டும். வினைச்சொற்கள் மட்டும் நல்ல தமிழாக இருந்தால் போதும் என்பது என் கட்சி. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபாடுள்ள நண்பர்கள் என்மேல் சினம் கொள்ளலாம். கொள்ளட்டும்.

இனி வரைபடம். அவன் பழகியது ஆட்டோகேட். 1982 டிசம்பரில் வெளிவந்த அந்த நிரலும், அதன் டி.டபிள்யூ.ஜி. கோப்பு வடிவமும் இத்தொழிலில் ஏறக்குறையப் பொதுமொழியாகிவிட்டன. கட்டடக் கலைஞர் தளவரைபடத்தை அந்த வடிவத்தில்தான் அனுப்புகிறார். ஒப்பந்தக்காரர் அந்த வடிவத்தில்தான் திருப்பிக் கேட்கிறார். சிக்கல் விலையில். 2016க்கு முன்னால் ஒரு முறை பணம் கொடுத்து வாங்கினால் அந்தப் பதிப்பு வாங்கியவருடையது. 2016இல் அந்நிறுவனம் நிலைத்த உரிமங்களை விற்பதை நிறுத்திவிட்டது. இப்போது சந்தா மட்டுமே. சந்தா நின்றால் நிரல் நிற்கும். மாதத்துக்கு இரண்டு வேலை வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது என்னும் நிலையிலிருந்த ஒருவனுக்கு இது சிறிய செய்தியன்று.

அவனுக்கு எளிதான வழி ஒன்றிருந்தது. பூட்டுடைத்த பிரதி. ‘இந்த ஊர்ல பாதிப்பேர்கிட்ட இருக்கிறது கிராக்தான், அக்கா’ என்று அவனே சொன்னான். நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. நாற்பதைக் கடந்த தம்பிக்கு அக்கா நீதிநூல் ஒப்புவிப்பது அழகில்லை. அவன் கடைசியில் அதை ஒதுக்கியதற்கும் அறம் காரணமன்று, அச்சம்தான் காரணம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு நிரலை, வாடிக்கையாளர்களின் கோப்புகள் அனைத்தும் இருக்கும் கணினியில் நிறுவ அவனுக்கு மனம் வரவில்லை. அச்சமும் சில வேளைகளில் அறத்தின் வேலையைச் செய்துவிடுகிறது.

இலவச நிரல்களையும் பார்த்தோம். லிப்ரேகேட் எளிமையானது, சிறு படங்களுக்குப் போதுமானது. ஆனால் அது எழுதுவது டி.எக்ஸ்.எஃப். வடிவத்தில், டி.டபிள்யூ.ஜி. கோப்பை ஓரளவு படிக்கும், அந்த வடிவத்தில் சேமிக்காது. ஒப்பந்தக்காரரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. டிராஃப்ட்சைட் என்றொரு நல்ல நிரல் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்தது. தம்பி தன் வீட்டுக் கணினியில் அதைத்தான் வைத்திருந்தான். 2019 இறுதியோடு அந்த இலவசப் பதிப்பு நின்றது. புதிதாகக் கிடைக்காமல் போனதோடு, ஏற்கெனவே நிறுவியிருந்ததும் இயங்காமற்போயிற்று. இலவசம் என்பதற்கும் நம்முடையது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவன் அன்று அறிந்துகொண்டானாம். கட்டுப்பாட்டுப் பேனல்களுக்கென்று தனியாக உள்ள மின்வரைபட நிரல்கள் அவன் செய்யும் கட்டட வேலைக்குத் தேவையில்லை. முப்பரிமாணக் கட்டட மாதிரி நிரல்கள் பெரிய நிறுவனங்களுக்கானவை. அவற்றின் விலையைக் கேட்டதோடு சரி.

மிஞ்சியவை, டி.டபிள்யூ.ஜி. வடிவத்தையே இயல்பாகப் படித்து எழுதும் மாற்று நிரல்கள். பிரிக்ஸ்கேட், இஸட்.டபிள்யூ.கேட் போன்றவை. இவை எப்படி முடிகிறதென்று கேட்டேன். அந்தக் கோப்பு வடிவத்தின் இலக்கணத்தை உரிமையாளர் வெளியிடாத நிலையில், வெளியிலிருந்து அதை ஆராய்ந்து எழுதுவதற்கென்றே 1998இல் ஒரு கூட்டமைப்பு தோன்றியதாம். மூலநூல் கைக்கு வராமல், எழுதப்பட்ட செய்யுள்களை மட்டும் பார்த்து யாப்பிலக்கணத்தை உய்த்துணர்வதுபோல. எனக்கு அந்தக் கணத்திலேயே அவர்கள்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

தம்பி தேர்ந்தெடுத்த சோதனை முறை எனக்குப் பிடித்திருந்தது. விளம்பரத்தில் எழுதியிருக்கும் வசதிகளின் பட்டியலை அவன் படிக்கவில்லை. தான் செய்துகொண்டிருந்த ஒரு திருமண மண்டபத்தின் வரைபடத்தை ஒவ்வொரு நிரலின் சோதனைப் பதிப்பிலும் திறந்தான். கோடுகள் எல்லாவற்றிலும் சரியாகவே வந்தன. ஆனால் மின்வரைபடம் என்பது கோடுகள் மட்டுமன்று. ஒவ்வொரு விளக்கும் ஒரு குறியீடு. அந்தக் குறியீட்டுக்குள் அதன் வாட், எந்தச் சுற்றைச் சேர்ந்தது, எந்த டி.பி.யிலிருந்து வருகிறது என்னும் விவரங்கள் மறைந்திருக்கும். அவற்றைத் திரட்டித்தான் எத்தனை விளக்கு, எத்தனை விசிறி என்று எண்ணுகிறார்கள். ஒரு நிரலில் குறியீடுகள் கண்ணுக்கு அப்படியே தெரிந்தன. எண்ணச் சொன்னால் சுழியம் என்றது. உள்ளிருந்த விவரங்கள் உதிர்ந்து, வெறும் வட்டமும் பெருக்கல் குறியும் மட்டும் எஞ்சியிருந்தன.

என் தமிழும் சோதனைக்குள்ளாயிற்று. இன்னொரு நிரலில் ‘கேபிள்’ என்று நான் தட்டியதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. பழைய வரைபட எழுத்துருக்கள் பேனா முனை நகரும் பாதையை மட்டும் அறிந்தவை. எழுத்துக்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி எழுத்துக்கு முன்னால் எழுதப்படும் என்னும் நம் மொழியின் வழக்கம் அவற்றுக்குப் புரிவதில்லை. விண்டோசின் எழுத்துருக்களைப் பயன்படுத்தும் நிரல்களில் சிக்கலின்றி வந்தது. உதவியாளர், ‘ஆங்கிலத்துலயே போட்ரலாமே மேடம்’ என்றார். அந்த நிரல் அன்றே பட்டியலிலிருந்து நீங்கியது. வேறு காரணங்களும் இருந்தன என்று தம்பி சொல்வான்; நான் அவ்வாறு கருதவில்லை.

இந்த இடத்தில் ஒரு சிறு கண்டுபிடிப்பைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஒரு டி.டபிள்யூ.ஜி. கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தால் முழுவதும் விளங்காக் குறிகளாகத் தெரியும். ஆனால் முதல் ஆறு எழுத்துகளை மட்டும் படிக்கலாம். ஏ.சி.1015 என்றிருந்தால் அது 2000ஆம் ஆண்டுப் பதிப்பின் வடிவம். ஏ.சி.1021 என்றால் 2007. ஏ.சி.1032 என்றால் 2018. எழுத்தின் வடிவத்தைக் கொண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிப்பதைப் போன்றது இது. தம்பியின் பழைய வட்டுகளில் இருந்த கோப்புகளை ஒரு மாலை முழுவதும் இப்படிக் காலம் கணித்துக்கொண்டிருந்தேன். உதவியாளர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், தமிழ் ஆய்வாளர்கள் பலரும் பட்ட ஒன்றை நானும் பட்டிருக்கிறேன். 2004இல் நான் தட்டச்சு செய்த ஆய்வேடு அக்காலத்துத் தனி எழுத்துரு ஒன்றில் இருக்கிறது. அன்று தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியேற்றங்கள். அவற்றுக்கு வெளியே ஒவ்வோர் எழுத்துரு நிறுவனத்துக்கும் ஒரு தனி வழி. தமிழ்நாட்டரசு யூனிகோடை ஏற்றது 2010இல்தான். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு குழப்பம் வருகிறது. தாள் பிரதி இருப்பதால் ஆய்வேடு பிழைத்தது. கோப்பு இருப்பது வேறு, படிக்க முடிவது வேறு. ஆகவே தம்பியிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றே: எந்த நிரலை வேண்டுமானாலும் வாங்கு, ஆனால் வேலை முடிந்ததும் ஒவ்வொரு வரைபடத்தையும் டி.எக்ஸ்.எஃப். வடிவத்திலும் பி.டி.எஃப். வடிவத்திலும் சேர்த்து வை. டி.எக்ஸ்.எஃப். கோப்பு நீளமானது, அழகற்றது. ஆனால் அது வெளியிடப்பட்ட இலக்கணம் உடையது, வெறும் உரை. நோட்பேடில் திறந்து தேடினேன். எண்களின் நடுவே என் தமிழ்க் குறிப்பு வரி வரியாகக் கிடந்தது.

வரைபடத்தைவிட விரிதாளில்தான் உண்மையான அபாயம் இருந்தது. அது அப்போது எங்கள் இருவருக்குமே தெரியாது.

கேபிளின் அளவைத் தீர்மானிக்கத் தம்பி பயன்படுத்திவந்தது ஒரு பழைய எக்செல் கோப்பு. அதை யார் முதலில் எழுதினார்கள் என்பது தெரியாது. கைமாறிக் கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நெடுவரிசையைச் சேர்த்திருந்தார்கள். மண்டபத்தின் கணக்கும் அதில்தான் இருந்தது. எக்செலையே தொடர்வதா, லிப்ரே ஆபிஸ் கால்க்குக்கு மாறுவதா என்று பார்ப்பதற்காக அதே கோப்பைக் கால்க்கில் திறந்திருந்தான். விடைகள் ஒத்திருந்தன. எண்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று காட்ட முடியுமா என்று கேட்டேன். கண்ட்ரோல் விசையோடு, எண் 1க்கு இடப்பக்கம் இருக்கும் விசையை அழுத்தினான். இரண்டு நிரல்களிலும் இது ஒன்றே. எண்கள் மறைந்து, ஒவ்வொரு கட்டத்திலும் அதன் வாய்பாடு தோன்றியது.

மின்னியல் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரே அமைப்பில் ஓடும் வரிகளின் நடுவே அமைப்புக் குலைந்த ஒரு வரி வந்தால் கண் அங்கே நின்றுவிடும். 20 ஆண்டுகள் செய்யுள் கற்பித்ததன் பழக்கம் அது. ஒரு நெடுவரிசையில் மேலிருந்து கீழ்வரை நீண்ட வாய்பாடுகள். 15ஆம், 16ஆம் வரிகளில் மட்டும் வெறும் 1.

‘இங்கே ஏன் ஒன்று என்று மட்டும் இருக்கிறது?’ என்றேன்.

தம்பி சற்று நேரம் பேசவில்லை.

அந்த நெடுவரிசை என்னவென்று பிறகு விளக்கினான். ஒரு கேபிள் இவ்வளவு ஆம்பியரைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் அட்டவணையில் தருவது, அந்தக் கேபிள் தனியாக, 40 பாகை வெப்பமுள்ள காற்றில் கிடக்கும்போது. ஆறு கேபிள்களை ஒரே டிரேயில் ஒட்டி ஒட்டிப் படுக்கவைத்தால் ஒன்றின் சூடு மற்றொன்றைத் தாக்கும். தாங்குதிறன் ஏறத்தாழ முக்கால் பங்காகக் குறையும். டிரே தகரக் கூரைக்கு அடியில் 50 பாகையில் போனால் இன்னும் ஒரு பத்து விழுக்காடு போகும். இரண்டையும் பெருக்கினால் 0.675. அதாவது 100 ஆம்பியர் என்று புத்தகத்தில் போட்டிருக்கும் கேபிள் அந்த இடத்தில் தாங்குவது 67 அல்லது 68 ஆம்பியர்தான். இந்தக் குறைப்பைச் செய்யும் நெடுவரிசையில்தான், குளிர்சாதனத்துக்கும் சமையற்கூடத்துக்கும் செல்லும் இரண்டு கேபிள்களின் வரிகளில், யாரோ எப்போதோ வாய்பாட்டை அழித்துவிட்டு 1 என்று தட்டியிருந்தார்கள். குறைப்பே இல்லை என்று பொருள். 90 ஆம்பியர் ஓடும் இடத்தில் 100 ஆம்பியர் கேபிள் போதும் என்று தாள் சொல்லிக்கொண்டிருந்தது.

‘பிரேக்கர் விழுந்துவிடாதா?’ என்று கேட்டேன். விழாது. பிரேக்கரும் அதே தாளைப் பார்த்து 100 ஆம்பியருக்குத்தான் வைக்கப்படும். 90 ஓடினால் அது ஏன் விழவேண்டும்? தாங்குதிறனைவிட மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்தால், வெப்பம் அதன் இருமடியாக, ஏறத்தாழ 1.8 மடங்காக மிகும். உடனே தீப்பற்றாது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம், ஆயிரம் பேர் கூடியிருக்க, எல்லா ஏ.சி.யும் ஓட, காப்புறை மெல்ல மெல்ல இறுகி வெடிக்கும். என்றோ ஒரு நாள் அதன் விளைவு தெரியும். கேபிளுக்கு இன்னும் ஆர்டர் கொடுக்கப்படவில்லை என்பதால் இரண்டு வரிகளைத் திருத்தி, அளவைக் கூட்டியதோடு முடிந்தது. அன்றிரவு அவன் பழைய வேலைகளின் கணக்குகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தான் என்று அவன் மனைவி சொன்னாள். வேறெங்கும் அந்த 1 இல்லை.

எங்கள் துறையில் இதற்குப் பெயர் இடைச்செருகல். ஏடு பெயர்த்தெழுதிய ஒருவர், ஏதோ ஒரு காரணத்துக்காக, நடுவே தன் வரியைச் செருகிவிடுவார். தீய நோக்கமும் வேண்டியதில்லை. ஒற்றைக் கேபிளுக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க 1 என்று தட்டியவர் திருப்பி மாற்ற மறந்திருக்கலாம். அடுத்தவர் அதையே மூலம் என்று நம்பிப் படியெடுப்பார். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கினார். விரிதாளுக்கு ஒப்புநோக்கப் பிற ஏடுகள் இல்லை. அது எண்ணை மட்டும் காட்டும். எண் எப்படி வந்தது என்பதைக் கேட்டால்தான் சொல்லும். யாரும் கேட்பதில்லை.

இது எங்கள் மாடியறையில் மட்டும் நடப்பதன்று. 2020 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டார்கள், பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவக் கோப்பு 65,536 வரிகளுக்குமேல் கொள்ளாது என்பதே காரணம். மேலே நிரம்பியது ஓசையின்றிக் கொட்டிப்போயிற்று.

பிறகு தம்பி விரிதாளைப் புதிதாக எழுத உட்கார்ந்தபோது இன்னொன்றையும் காட்டினான். அட்டவணையில் தேடி எடுக்கும் ‘வி-லுக்கப்’ என்னும் சார்பு ஒன்றுண்டு. கடைசியில் ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டால், அது சரியான எண் கிடைக்காதபோது அதற்கு அடுத்த கீழ் எண்ணை எடுத்துக்கொள்ளும். 70, 90, 110 ஆம்பியர் கேபிள்கள் வரிசையில் இருக்க, 78 ஆம்பியருக்குத் தேடினால் 70 ஆம்பியர் கேபிளை எடுத்துக் கொடுக்கும். மதிப்பெண்ணுக்குத் தரம் போடுவதற்கு அது பொருத்தம். கேபிளுக்கு நேர் எதிர். எக்செல், கால்க் இரண்டுக்கும் இது பொது. அவன் அட்டவணையைப் பெரியதிலிருந்து சிறியதாகத் திருப்பி அடுக்கி, ‘மேட்ச்’ என்னும் வேறொரு சார்பை, கடைசியில் -1 கொடுத்துப் பயன்படுத்தினான். மீண்டும் வாய்பாடுகளை விரித்து இருவரும் ஒவ்வொரு வரியாகப் படித்தோம். நான் உரக்கப் படிக்க, அவன் தாளில் கையால் போட்டுப் பார்த்தான்.

முடிவில் வாங்கியவை: வரைபடத்துக்கு பிரிக்ஸ்கேட், ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் நிலைத்த உரிமத்தோடு. ஆட்டோகேட் விரைவு, பழக்கம், உதவி கேட்க ஆள் கிடைப்பது ஆகியவற்றில் மேலானது என்பதில் தம்பிக்கு ஐயமில்லை. மாதந்தோறும் வேலை உறுதியாயிருக்கும் அலுவலகத்துக்கு அவன் அதையே பரிந்துரைப்பான். கணக்குக்குக் கால்க். பணம் மிச்சம் என்பதைக் காட்டிலும், அந்தக் கோப்பு வடிவம் 2006இலேயே பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது என்பது என் வாதமாக இருந்தது. எக்செல் மேலும் திறமுடையது என்பது உண்மை. எனினும் 40 வரிகளும் மேக்ரோ இல்லாத வாய்பாடுகளும் கொண்ட ஒரு தாளுக்கு அந்தத் திறமெல்லாம் எதற்கு? நாம் தட்டும் எண்களுக்கு நீல நிறம், வாய்பாடுகளுக்குக் கறுப்பு. வாய்பாட்டுக் கட்டங்கள் பூட்டப்பட்டவை. ஓரத்தில் உரைக்கென்று ஒரு நெடுவரிசை: 0.9 ஏன், எந்த அட்டவணையிலிருந்து, யார் எழுதியது, எந்த நாள். உதவியாளருக்கு இது பெருஞ்சுமையாகத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் பி.டி.எஃப்.இல் இந்த உரை நெடுவரிசையையும் சேர்த்தே தம்பி அனுப்புகிறான். முதல் சில மாதங்களில் அதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேபிள் அளவைமட்டும் வாட்ஸப்பில் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அண்மையில் ஒரு பள்ளிக் கட்டடத்தின் தளப் பொறியாளர் தொலைபேசியில் அழைத்தார். ‘நாலாவது வரியில 50 பாகைன்னு போட்டிருக்கீங்க சார். அந்த ஷீட்டுக் கூரையை எடுத்துட்டு கான்கிரீட் போடுறோம், உங்ககிட்ட சொல்லலையா?’ சொல்லவில்லை. தம்பி 45 என்று மாற்றினான். நான்கு கேபிள்களில் இரண்டுக்கு ஒரு படி சிறிய அளவே போதுமென்று வந்தது. உரை நெடுவரிசையில் அந்தப் பொறியாளரின் பெயரையும் நாளையும் எழுதி வைத்தான்.